ஆமா போடும் இடம்

ஆனி 20, வியாழன்

உரக்கடையில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. அவர் பேருக்கு வந்தது. தையில் வந்து அப்படியே அரிசிப் பானை மேல் கிடந்தது. நல்ல தாள், வீணாகப் போகிறதே என்றுதான் எழுதுகிறேன். மற்றபடி எனக்கும் எழுத்துக்கும் ஐந்தாம் வகுப்போடு உறவு தீர்ந்துபோயிற்று.

முதலில் பேர். சொரிமுத்து. என் வீட்டுக்காரர். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. நான் எழுதுவேன் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்திருக்காது. சொரிமுத்து, சொரிமுத்து. வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். போன மாசியில் போய்விட்டார்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. மாடி அறையை இந்த வருஷமும் வாடகைக்கு விட்டேன். எப்போதும் குளிக்க வருகிற கூட்டம் வரும், ஈரத் துண்டைக் கதவிலெல்லாம் காயப்போடும். இந்தத் தடவை சென்னையிலிருந்து ஒரு அம்மாள் தனியாக வந்திருக்கிறார். பேர் வைஜயந்தி. பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவராம். கர்நாடக சங்கீதமும் நம் ஊர்ப் பாட்டும் சேர்த்து 'சாரல்' என்று பெரிதாக ஒன்று செய்யப்போகிறாராம். அதற்காகச் சாரலைக் கேட்க வந்தாராம்.

"கேக்கவா மேடம்? எல்லாரும் நனையத்தான் வருவாங்க" என்றேன்.

"நனைஞ்சுகிட்டே கேட்கலாம் அக்கா" என்றார்.

என்னைவிடக் கிறுக்கு ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கிறது.

ஆனி 21, வெள்ளி

மேடம் தகர ஓட்டுக்கு அடியில் மைக்கை வைத்துக்கொண்டு காலையெல்லாம் உட்கார்ந்திருந்தார். இட்லி ஆறிப்போயிற்று.

ஆனி 24, திங்கள்

சுவரில் அவர் படத்தைப் பார்த்து மேடம் கேட்டார். குடக்காரர் என்றதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அக்கா, நீங்க வில்லுப்பாட்டுக் குடும்பமா! எவ்வளவு தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு!"

எனக்கு என்ன தெரியும்? அண்ணாவி நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் வில்லை அடித்துக் கதை பாடுவார். குடக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து குடத்தைத் தட்டுவார், ஒவ்வொரு அடி முடிந்ததும் 'ஆமா' போடுவார். ஆமா வராமல் அண்ணாவி அடுத்த அடிக்குப் போகக் கூடாது. அது முறை. இவ்வளவுதான் தெரியும். கோயில் கொடைத் திருவிழா ஒவ்வொன்றுக்கும் கூடப் போவேன், கதையில் சாமி பிறக்கும்வரை கேட்பேன், அப்புறம் தூங்கிவிடுவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு கதைக்காவது முடிவு தெரியாது. எல்லாச் சாமியும் எனக்கு இன்னும் தொட்டிலில்தான் கிடக்கிறது.

"அவர் அடிக்கிற தாளத்துக்கு ஏதாவது பேர் உண்டா?" என்று மேடம் கேட்டார்.

தெரியாது என்றால் எழுந்து மாடிக்குப் போயிருப்பார். என் வீட்டுக்காரர் பேச்சை எடுத்து இந்த வீட்டில் ஒருவர் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று! மகள் கூடப் போனில் மாத்திரை போட்டியா, கதவைப் பூட்டினியா என்றுதான் கேட்கிறாள். அப்பா என்று ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

எதிரே வாய்க்காலில் கொக்கு நின்றது. "கொக்கடி" என்றேன். "ஒரு தட்டுத் தட்டி நின்னு பாத்து, பொறவு ஒரு தட்டு."

மேடம் எழுதிக்கொண்டார். கடவுளே.

ஆனி 27, வியாழன்

இன்றைக்கு 'மந்தித் தாவல்' என்று இன்னொரு தாளம் பிறந்தது. ஓட்டில் குரங்கு குதித்த நேரம். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். இதே வேகத்தில் போனால் ஊரில் உள்ள மிருகமெல்லாம் தாளமாகிவிடும். எருமை வரும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பொய்தான். ஆனால் பொய்க்கு நடுவே அவரைப் பற்றி நிஜமும் பேசினேன். சட்டைப் பொத்தானைத் தப்பாகவே போடுவார் என்பது, கொடை முடிந்து வரும்போது எனக்கென்று பனங்கிழங்கு வாங்கி வந்து வழியிலேயே பாதியைத் தின்றுவிடுவார் என்பது. மேடம் அதையும் கேட்டார். அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

ஆடி 1, புதன்

காலையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். யாருக்கு என்று கேட்டால் பதில் இல்லை. கை பழகிவிட்டது. ஆறினதும் அடுத்த வீட்டுப் பசுவுக்கு ஊற்றுவேன். அது என் புண்ணியத்தில் கொழுத்துக் கிடக்கிறது.

மேடம் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. "அக்கா, தினமும் இந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடறீங்க. அடுத்த வரி என்ன?"

பாடுகிறேன் என்றே எனக்குத் தெரியாது. "அடுத்த வரி மறந்துபோச்சு" என்றேன்.

"என்ன பாட்டு?"

பிடிபட்ட திருடன் கண்ணில் பட்ட சந்தில் ஓடுவான். ஆடி மாதம், கையில் கஞ்சி. "அம்மனுக்குக் கஞ்சி வாக்கும்போது பாடுதது மேடம். பழைய பாட்டு."

விடுவாரா? கெஞ்சி, கொஞ்சி, மிச்ச வரியையும் வாங்கிவிட்டார். நானும் நடுவில் ஒரு 'தாயே' போட்டு அம்மன் பாட்டாக மாற்றிச் சொன்னேன்.

குடிச்சாக் குடி தாயே, கெடந்தாக் கெட
குண்டான் கஞ்சி உனக்குத்தான்
ஊரைச் சுத்துன காலு ரெண்டும்
இப்போ எனக்குச் சொந்தந்தான்

"அம்மனையே திட்டற பக்தி!" என்று மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு நிந்தாஸ்துதின்னு பேர் அக்கா. மெட்டு ஆனந்தபைரவி."

என் வாய்க்கு இவ்வளவு பெரிய பேர் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்.

ஆடி 2, வியாழன்

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஏன் நிறுத்துகிறேன் என்று மேடம் கேட்டார். கை தட்டிக் காட்டினார், இரண்டு தட்டு காலியாக இருக்கிறதாம்.

"மூச்சு வாங்க" என்றேன்.

ஆடி 6, திங்கள்

மேடம் தென்காசி போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. உரக்கடை டைரிக்காவது உண்மையைச் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். பேர் என்ன? "ஆமா." ஊர் என்ன? "ஆமா." அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். மற்ற வார்த்தையெல்லாம் போய்விட்டது, வேலைக்கு வைத்திருந்த வார்த்தை மட்டும் வேலையை விடவில்லை.

அதுவரை வீட்டில் எனக்கு ஒரு ஆமா சொன்னது கிடையாது. வெளியே அண்ணாவிக்கு ராத்திரி முழுக்க ஆமா, வீட்டில் நான் மழை வருது என்றால் கூட "வராது" என்பார். படுக்கையில் விழுந்தபிறகுதான் எனக்கு வாய்த்தது. விடுவேனா? பழைய கணக்கையெல்லாம் எடுத்தேன். என் தங்கச்சி கல்யாணத்துக்கு வராமல் கொடைக்குப் போனது தப்புத்தானே? ஆமா. உங்கம்மா வாய் கொஞ்சம் நீளந்தானே? ஆமா. சிரிப்பார். ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு ஏறும்.

கஞ்சிக்குத்தான் வாய் திறக்க மாட்டார். ஒரு நாள் கோபத்தில் "குடிச்சாக் குடி, கெடந்தாக் கெட" என்று இழுத்தேன். ராகம் எங்கிருந்து வந்ததோ. அவர் இடது கை கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டியது. "ஆமா" என்றார், சரியாக அந்த இடத்தில். வாய் திறந்தது. கரண்டியை உள்ளே விட்டேன். அடுத்த வரி கட்டினேன். ஆமா. அடுத்த கரண்டி. இப்படித்தான் அந்தப் பாட்டு. அம்மனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அம்மன் என்னை மன்னிக்க வேண்டும். அந்த இரண்டு தட்டு காலி இடம் அவருடையது.

தவசி அண்ணாவிக்கு முப்பது வருஷம் ஆமா போட்டார். அந்த மனிதர் ஒரே ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார், வாசலில் நின்று பார்த்தார், போனார். அப்புறம் வரவில்லை. சாவுக்கு வந்தார். நான் அவருக்கு வைத்திருக்கும் பேர்களை எழுத இந்த டைரி போதாது.

ஆடி 10, வெள்ளி

மேடம் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். முதலில் நிஜச் சாரல், நம் தகர ஓட்டுச் சத்தம். அப்புறம் வீணை. கொக்கடி வந்தது. அதற்கு ஒரு சென்னை மிருதங்கக்காரர் உயிரைக் கொடுத்து அடித்திருக்கிறார், பாவம். அப்புறம் என் கஞ்சிப் பாட்டு. பாடிய பெண்ணுக்குத் தேன் குரல். கஞ்சி பாயசமாகிவிட்டது.

"அந்தக் காலி இடத்தை நிரப்பிட்டேன் அக்கா, கேளுங்க" என்றார்.

வரி முடிந்தது. அவர் இடத்தில் வயலின் வந்து உட்கார்ந்தது. அழகாகத்தான் இருந்தது. நான்கு வரிக்கும் வந்தது. ஒரு இடம் விடவில்லை.

"பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு மேடம். சாம்பார் அடிப்பிடிக்கு" என்று எழுந்து வந்துவிட்டேன். சாம்பாருக்கு உப்பு இரண்டு தடவை போட்டேன். மேடம் அதையும் சாப்பிட்டார்.

உண்மையைச் சொன்னால் பொய்க்காரி என்று தெரியும். பாட்டையே எடுத்துவிடுவார், பழசு இல்லாத பாட்டு எதற்கு? சொல்லாவிட்டால் வயலின் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காது. எப்படிப் பார்த்தாலும் அவருக்கு இடம் இல்லை. கெட்டிக்காரி நான்.

ஆடி 14, செவ்வாய்

'சாரலை' முதலில் இந்த ஊரிலேயே மேடையேற்றப்போகிறார் மேடம். கல்யாண மண்டபத்தில் ஒத்திகை. வில் அடிக்க மேடம் ஆள் பேசியிருந்தார். போய்ப் பார்த்தால் தவசி அண்ணாவி! சுற்றுவட்டாரத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? நாமாவது யோசித்திருக்க வேண்டாமா?

நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தூண் என்னைவிட ஒல்லி. கொக்கடி வந்தபோது அண்ணாவி, "இது என்ன தாளம், எவன் சொன்னான்?" என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் மண்டபத்துக் கூரையைப் பார்த்தேன்.

அப்புறம் கஞ்சிப் பாட்டு. அந்தப் பெண் பாடினாள், வயலின் வந்தது. அண்ணாவி வீசுகோலை மடியில் வைத்துவிட்டார்.

"அண்ணாவி, இந்த அம்மன் பாட்டு உங்களுக்குத் தெரிஞ்சதுதானே?" என்று மேடம் கேட்டார். நோட்டீஸில் 'பழமையான அம்மன் கஞ்சிப் பாட்டு' என்று அச்சாகியிருந்தது.

போச்சு, என் மானம் இந்த மண்டபத்திலேயே பந்தி போடப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியும்" என்றார் அண்ணாவி. "கேட்டிருக்கேன்."

டீக் குடிக்கிற நேரத்தில் என் பக்கம் வந்தார். "பொய் சொன்னதுக்கு நன்றி அண்ணாச்சி" என்றேன்.

"யாரு பொய் சொன்னா? நீதான் சொல்லிட்டுத் திரியுத. கொக்கடியாம், மந்தித் தாவலாம். சொரிமுத்து கேட்டா குடத்தைத் தூக்கி ஒம் மேல எறிஞ்சிருப்பான்."

"அப்ப பாட்டு?"

"கேட்டேன்னு சொன்னது நெசந்தான் தங்கச்சி. ஒங்க கொல்லை வேலிக்கு வெளிய நின்னு கேட்டேன். ஒரு வாட்டி இல்ல, பல வாட்டி. உள்ள வரணும்னுதான் வருவேன். நீ பாடுவ, அவன் ஆமாம்பான். எனக்குச் சொன்ன ஆமால்லா அது! நான் பாட்டுக்கு வாசப்படி ஏறி வந்து, அவன் என்னைப் பாத்து ஆமான்னா, நான் எந்த அடியைப் பாடுவேன் சொல்லு. அப்படியே திரும்பிப் போயிருவேன்."

டீ ஆடை கட்டிவிட்டது அவர் கையில். எனக்கு அவர் பேரில் இருந்த கோபத்தை எங்கே வைத்தேன் என்று தேடினேன். அகப்படவில்லை.

"வயலினை எடுக்கச் சொல்லு" என்றார். "அது அவன் எடம்."

ஆடி 15, புதன்

சொல்லவில்லை. மாவு அரைக்க வேண்டியிருந்தது.

ஆடி 17, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போய் முதலில் அம்மனிடம் மன்னிப்பு கேட்டுவிட்டு வந்து சொன்னேன். அம்மனிடம் சொல்வது சுலபம், திருப்பிக் கேட்காது.

மேடம் தாளம் எழுதின நோட்டை எடுத்தார். "கொக்கடியும் பொய்யா?"

"பொய்தான் மேடம்."

"மந்தித் தாவல்?"

"ஓட்டுல கொரங்கு குதிச்சுது."

"நோட்டீஸ் அடிச்சாச்சு அக்கா! பேட்டியில சொல்லியாச்சு. நாளைக்கு ஒருத்தர் கேட்டா நான் எங்க போய் முகத்தை வச்சுக்கறது?" குரல் உயர்ந்தது. இவ்வளவு நாள் கூட இருந்ததில் அவர் சத்தம் போட்டு இன்றைக்குத்தான் கேட்டேன். "என்னைப் பார்த்தா உங்களுக்கு விளையாட்டா இருந்துதா?"

"இல்ல மேடம். நீங்க மட்டுந்தான் அவரைப் பத்திக் கேட்டிய. சொல்லுததுக்கு எங்கிட்ட சரக்கு இல்ல. தீந்துபோனா கேக்க மாட்டியளேன்னு..." என்றேன்.

மேடம் மாடிக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. பசுவுக்கு இன்றைக்குச் சோறும் குழம்பும்.

ஆடி 18, சனி

பதினெட்டாம் பெருக்கு. தேங்காய்ச் சாதமும் புளிச்சாதமும் கிண்டினேன், மாடி இறங்கி வராத ஒருவருக்கும் சேர்த்து.

சாயங்காலம் இறங்கி வந்தார். கண் வீங்கியிருந்தது. புளிச்சாதத்தை நின்றுகொண்டே சாப்பிட்டார். கை கழுவிவிட்டுக் கேட்டார், "அவர் ஆமா எப்படிச் சொல்வார் அக்கா? யாரையாவது சொல்ல வைக்கலாம். நீங்களே சொல்றீங்களா?"

"நான் சொன்னா வெளங்காது மேடம். திட்டுததுதான் என் வேலை, ஆமா அவரு வேலை. ஒண்ணும் வேண்டாம். சும்மா விட்டுருங்க."

"சும்மா விட்டா பாடறவ மறந்துட்டான்னு ஜனங்க நினைப்பாங்க."

"நெனைக்கட்டும்."

மேடம் கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டு, தட்டு, பிறகு இரண்டு தட்டு காலி. அப்புறம் பேனாவை எடுத்து வயலின் வரியை அடித்துவிட்டார். எனக்கு அந்தக் கோடு கோடான தாள் ஒன்றும் புரியாது. ஆனால் அடித்தது தெரிந்தது.

"கொக்கடி இருக்கட்டும்" என்றார் போகும்போது. "நல்லா இருக்கு. நீங்க உண்டாக்கினதுன்னு சொல்லிடறேன்."

ஆடி 25, சனி

காலையிலிருந்தே சாரல். மேடை கொட்டகைக்குத் தகரம் போட்டிருந்தார்கள். மகள் சிவகாசியிலிருந்து வந்திருந்தாள். என்னை முன் வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் தூங்கிவிட்டால் கிள்ளு என்று மகளிடம் சொல்லிவைத்தேன்.

மேடம் மைக்கில், "அடுத்து வரும் கஞ்சிப் பாட்டை இயற்றியவர் ஆவுடைத்தங்கம்" என்றார். யாரது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் தொடங்கினாள். முதல் வரி முடிந்தது. வயலின் வரவில்லை. யாரும் ஒன்றும் வாசிக்கவில்லை. தகரத்தில் சாரல் விழும் சத்தம் மட்டும். எனக்குப் பின்னால் ஒருவர், "மைக்கு போயிட்டுடே" என்றார்.

இரண்டாவது வரி. அதே காலி. கையில் கரண்டி இல்லாமல் என் கை நாற்காலியைவிட்டு ஏறியது. மகள் அதைப் பிடித்து மடியில் வைத்தாள்.

மூன்றாவது வரி முடிந்தது.

"ஆமா."

தவசி அண்ணாவி. வில்லுக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி. ஒத்திகையில் இல்லாதது. மிருதங்கக்காரர் திரும்பிப் பார்த்தார், மேடம் திரும்பவில்லை. ஊரெல்லாம் அவருக்கு ஆமா போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். அவர் வாயால் அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. பழக்கம் இல்லாததால் ஒரு தட்டுப் பிந்திவிட்டது. சொரிமுத்து இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பார்.

நாலாவது வரிக்குச் சரியாகப் போட்டார். ஆனால் குரல் உடைந்துவிட்டது. பின்னாலிருந்த ஊர்க்காரர்கள் சிலரும் கூடச் சேர்ந்து போட்டார்கள், கொடை என்று நினைத்துவிட்டார்கள் போல.

அழுவதற்கென்று ஒரு துண்டு கொண்டு போயிருந்தேன். அதை மகள் வாங்கிக்கொண்டாள். "அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் கடைசிவரை தூங்கவில்லை. முதல் தடவையாக ஒன்றுக்கு முடிவு தெரியும். கடைசியில் சாரல் நிற்பதில்லை, கைதட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆடி 26, ஞாயிறு

மேடம் காலை வண்டிக்குப் போய்விட்டார். அடுத்த சீசனுக்கு வருவாராம். அதற்குள் எருமைக்கு ஒரு தாளம் கண்டுபிடித்து வைக்கச் சொன்னார். மாடி அறையைக் கழுவிவிட்டேன். கதவில் ஒரு ஈரத் துண்டு கிடந்தது, கடைசியில் அவரும் நனைந்துதான் போயிருக்கிறார்.

மகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் கஞ்சி வைத்தேன். இரண்டு பேருக்கு மட்டும். பசு வேலிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தது, பாவம், அதற்குச் செய்தி தெரியாது.

கிண்டும்போது வாய் தானாகத் தொடங்கியது. தாயே எல்லாம் இல்லை, பழையபடியே. குடிச்சாக் குடி, கெடந்தாக் கெட.

நிறுத்தினேன். இரண்டு தட்டு.

ஆமா வரவில்லை. அடுத்த அடிக்குப் போனேன்.